ஞாயிற்றுக்கிழமை அறிவியல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(புதுக்கோட்டை மாவட்டக் கிராமம் ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சிறுவர் அறிவியல் மன்றம் நடத்திவரும், பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை இந்த இதழில் பதில் தருகிறார்.)

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓர் அறிவியல் மன்றம் தொடங்க ஆசை. ஆய்வுக்கூடம் இல்லை, கையில் காசும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?
– கல்லூரி மாணவி, விராலிமலை

ஒரு மீட்டர் குச்சியும் கொஞ்சம் கூழாங்கல்லும் போதும்மா. கோயில் திடலில் குச்சியை நட்டு வை. நேராக நிற்கிறதா என்று நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள். பகல் பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கல் வைக்கச் சொல். நிழல் எப்போது மிகக் குட்டையாகிறதோ அதுதான் உங்கள் ஊரின் உச்சிப்பொழுது.

நம் பக்கம் ஏப்ரல் 17-ஐ ஒட்டியும், மறுபடி ஆகஸ்ட் 25-ஐ ஒட்டியும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. முதல் முறை இதைச் செய்தபோது பன்னிரண்டு மணிக்கு நிழல் மறையும் என்று பிள்ளைகள் குனிந்து காத்திருந்தார்கள். பன்னிரண்டு அடித்தது. ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நிழல் அப்படியே கிடந்தது. 12.15-க்குத்தான் குச்சியின் காலடிக்குள் போனது. ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், சூரியன் லேட்டா, இல்ல கடிகாரம் ஃபாஸ்ட்டா?"

எனக்கு விடை தெரியும். நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டு, "அடுத்த ஞாயிறு சொல்லுங்க" என்றேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அட்லஸோடு வந்தாள். இந்தியாவின் கடிகார நேரம் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. நாம் அதற்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் டிகிரி மேற்கே இருக்கிறோம். டிகிரிக்கு 4 நிமிடம், ஆக 15 நிமிடம். கரும்பலகையில் இதை அவள் எழுதிக் காட்டியபோது அந்தப் பையன் எழுந்து நின்று கை தட்டினான். நான் அன்றே விடையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் அந்த ஞாயிறு கிடைத்திருக்காது. அதனால், உன்னிடம் என்ன பொருள் இல்லை என்பதை விட்டுவிடு. பிள்ளைகள் ஒரு வாரம் தூக்கிக்கொண்டு திரியும்படியான கேள்வி ஒன்று கையில் இருந்தால் தொடங்கிவிடலாம்.

பையன் பத்தாம் வகுப்பு. ஞாயிறு முழுக்க மன்றம் மன்றம் என்று கிடக்கிறான். மதிப்பெண் குறைந்துவிடாதா?
– ஒரு தாய், மணப்பாறை

குறையலாம், குறையாமலும் போகலாம். மன்றத்துக்கு வந்தால் மார்க் ஏறும் என்று நான் எந்தப் பெற்றோருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. எங்கள் மன்றத்தில் பொங்கல் முடிந்ததும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நாங்களே வர வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். தேர்வு முடிந்த மறுநாள் வந்து நிற்பார்கள். உங்கள் பையனின் மன்றத்திலும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஜூன் மாதத்திலேயே நிறுத்திவிடாதீர்கள் அம்மா.

கிரகணம், சகுனம் என்று ஏதாவது பேசினால் ஊர்ப் பெரியவர்கள் கோபப்படுகிறார்கள். பிள்ளைகளையும் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– இளைஞர் மன்றத் தோழர், சிவகங்கை

பேசாதீர்கள், கூப்பிடுங்கள்.

2019 டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணம் உங்களுக்கும் நினைவிருக்கும். கோவையிலிருந்து திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று நம் தலைக்கு மேலேயே போனது. அரையாண்டு விடுமுறை நேரம். பத்து நாளுக்கு முன்பே எங்கள் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சமுதாயக் கூடத்துச் சுவத்துல சூரியனைக் காட்டப் போறோம், வந்து பாருங்க."

அதற்கு வேண்டியது முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. அதன் மேல் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஓட்டை வெட்ட வேண்டும். வெளியே வெயிலில் அதைச் சாய்த்து வைத்து, இருட்டாக்கிய கூடத்துக்குள் 20 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் ஒளியை விழ வைத்தால், அந்த வட்டம் வெறும் வெளிச்சம் இல்லை, சூரியனின் உருவம். பதினெட்டு, பத்தொன்பது சென்டிமீட்டர் அகலம் இருக்கும். சூரியனின் தூரம் 15 கோடி கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, இந்த இரண்டு அளவை மட்டும் வைத்து அதன் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் போட்டுவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: யாரும் கண்ணாடியையோ சூரியனையோ நேராகப் பார்க்கக் கூடாது. விழித்திரை சுட்டாலும் வலிக்காது. பாதிப்பு அப்புறம்தான் தெரியும்.

அன்று மேகம் வந்து வந்து போனது. ஒன்பதரை மணிக்கு மேகம் விலகியபோது சுவரில் வளையம். கூடத்தில் ஒரு சத்தம் இல்லை.

அப்போது ஒரு பாட்டி தன் வீட்டு உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிரகணத்தன்று தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் உலக்கை தானாக நிற்கும் என்பது நம் ஊர்களில் எல்லோரும் சொல்வதுதானே. நிறுத்தினார், நின்றது. பிள்ளைகள் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். "பாட்டி, நாளைக்கும் இதே நேரத்துக்கு இந்த உலக்கையை எடுத்துட்டு வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டார்கள். மறுநாள் கிரகணம் இல்லை, தாம்பாளத்தில் தண்ணீரும் இல்லை. பாட்டியே நிறுத்தினார். அப்போதும் நின்றது. உலக்கையைப் படுக்க வைத்து அடியில் இருக்கும் இரும்புப் பூணைத் தடவிப் பார்த்தார். தட்டையாக, வழவழவென்று இருந்தது. "அடி சமமா இருக்கு, அதான் நிக்குது" என்று அவர் வாயாலேயே வந்தது. சிறிது நேரம் கழித்து, "எங்க மாமியா எனக்கு வேற மாதிரில்ல சொன்னாங்க" என்றார். அவர் பேத்திகள் இருவரும் அதன் பிறகு ஒரு ஞாயிறு தவறியதில்லை.

எட்டாம் வகுப்பு வரை பெண் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அப்புறம் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?
– மன்றப் பொறுப்பாளர், அறந்தாங்கி

கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது, பக்கத்தில் பூட்டாத கழிப்பறை இருக்கிறதா, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். இரண்டாவதைப் பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். நீங்களே பார்த்துச் செய்ய வேண்டும்.

எங்கள் மன்றம் பல வருடம் சனிக்கிழமை மாலை ஆறு முதல் எட்டு வரை நடந்தது. எனக்கு அது வசதி. பெண் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தபோது நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய் அம்மாக்களிடம் கேட்டேன். "பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்துட்டா நாங்க ஏன் டீச்சர் தடுக்கப் போறோம்?" என்றார் ஒருவர். இதைக் கேட்க எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு மாற்றினோம். நின்றுபோன எட்டுப் பேரில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். தொலைநோக்கி வைக்கும் இரவுகளில் அம்மாக்களையும் அழைத்து வரச் சொல்கிறோம். சனிக் கோளின் வளையத்தை முதலில் அவர்களுக்குத்தான் காட்டுவோம்.

1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. வேலை தேடிக்கொண்டிருந்தேன். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டைத் தெருக்களில் வந்தார்கள். நானும் அந்த வருடம்தான் பழகினேன். தானே ஓட்டிக்கொண்டு போய்வரத் தெரிந்தால் ஒரு பெண்ணுக்கு எத்தனை கதவு திறக்கிறது என்பதை என் காலில் உணர்ந்தவள் நான். பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளில் உங்கள் மன்றத்துப் பெண்கள் கூட்டமாக வந்து போக ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் மூன்றாவது வீட்டில் தானாக அனுப்புவார்கள்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எங்கள் பிள்ளைகளைத் தயார் செய்கிறோம். நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்களேன்.
– தொடக்கப் பள்ளி ஆசிரியர், பொன்னமராவதி

தலைப்பை நான் சொன்னால் அது என் ஆய்வாகிவிடும், சார். 1993-லிருந்து நடக்கும் இந்த மாநாட்டின் அடிப்படையே பத்திலிருந்து பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தாங்களே ஆராய்வதுதான். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பேசலாம்.

ஒரு வருடம் நான் தவறு செய்தேன். அறிக்கை அழகாக இருக்க வேண்டும் என்று இரவெல்லாம் உட்கார்ந்து நானே எழுதிக் கொடுத்தேன். மாவட்ட அளவில் நடுவர், "இந்தச் சராசரியை எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கேட்டதும் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த வருடம் பிள்ளைகளே தெருக்குழாயை எடுத்தார்கள். திருகு இல்லாமல் சொட்டிக்கொண்டே இருக்கும் குழாயின் கீழே ஒரு லிட்டர் பாட்டிலை வைத்தால் 12 நிமிடத்தில் நிரம்பியது. ஒரு நாளைக்கு 120 லிட்டர். ஊரில் அப்படி ஆறு குழாய். 720 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 48 குடம். "லிட்டர்னு சொன்னா யாருக்கும் புரியாது, குடம்னு எழுதுவோம்" என்றவன் ஆறாம் வகுப்புப் பையன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பதினான்கு வயதுப் பெண் எழுந்து நின்று "48 குடம்" என்று படித்தாள். ஒரே வாரத்தில் இரண்டு குழாய்க்குத் திருகு வந்தது. மீதிக்குப் பொங்கல் வரை அலைய வேண்டியிருந்தது, அலைந்தவர்களும் அவர்கள்தான். அந்தப் பெண் இப்போது பொதுப்பணித் துறையில் இருக்கிறாள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊர் மன்றத்துக்குத் தொலைநோக்கி வாங்கி அனுப்பலாமா?
– புதுக்கோட்டைக்காரர்

அனுப்பலாம் தம்பி, ஆனால் அது இரண்டாம் வருடத்துக்கு. முதலில் கைலென்ஸ் பத்து, அளவு நாடா இரண்டு, நல்ல அட்லஸ் ஒன்று. அப்புறம் மாவட்ட மாநாட்டுக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும். ஆய்வை முடித்துவிட்டு, பஸ் காசுக்கு வழியில்லாமல் வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து வருடமாக மன்றம் நடத்துகிறேன். வேலை கிடைத்துவிட்டது, சென்னைக்குப் போகிறேன். நான் போனதும் மன்றம் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– இளைஞர், கீரனூர்

எப்போது கிளம்புகிறீர்கள்? இரண்டு மாதம் இருந்தால் போதும். இந்த ஞாயிறே ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிய ஒவ்வொருவரிடமும் சின்னப் பிள்ளைகள் ஐந்து பேரை ஒப்படையுங்கள். வரவு செலவைக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஊரில் இருந்துகொண்டே நான்கு ஞாயிறு போகாதீர்கள்.

நான் அப்படிச் செய்தபோது முதல் ஞாயிறு ஏழு பேர்தான் வந்தார்களாம். இரண்டாவது வாரம் சண்டை. மூன்றாவது வாரம் ஜன்னலோரமாகப் போய்க் காதைக் கொடுத்தேன். பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன், ஒரு சின்னப் பெண்ணிடம், "எனக்குத் தெரியும், ஆனா அடுத்த ஞாயிறு நீ சொல்லு" என்றுகொண்டிருந்தான்.

மன்றத்துப் பொருள்களை வைக்கும் டிரங்குப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்குங்கள். இரண்டு சாவியையும் அவர்களிடமே கொடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.