கிராண்ட் பியானோ ஹாமர்: தேய்த்தால் போதுமா, மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் கிராண்ட் பியானோவுக்கு முப்பது வயதாகிறது. சுருதி நன்றாகத்தான் நிற்கிறது, ஆனால் மேல் ஸ்தாயியில் தகரத்தைத் தட்டுவது போல ஒலிக்கிறது. ஒரு டெக்னீஷியன் 88 ஹாமர்களையும் (கம்பியைத் தட்டும் சுத்தியல்கள்) மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் தேய்த்துச் சரிசெய்தால் போதும் என்கிறார். யாரை நம்புவது?

பதில்: ஒலியை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஹாமரின் தலையைச் சுற்றியுள்ள ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆக்‌ஷனை (கீகளும் ஹாமர்களும் அடங்கிய இயக்க அமைப்பு) வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்களே இழுக்க வேண்டாம். இழுக்கும்போது கை பட்டு ஒரு கீ அமுங்கினால்கூட ஹாமரின் காம்பு முறிந்துவிடும்.

வாசிக்க வாசிக்க, கம்பிகள் ஃபெல்ட்டில் தடம் பதிக்கும். முனை தட்டையாகி இறுகிவிடுவதால்தான் அந்தக் கூர்மையான ஒலி. ஃபெல்ட் தாராளமாக இருந்தால், உப்புத்தாளால் மேல் அடுக்கை எடுத்து முனைக்குப் பழைய வடிவம் கொடுக்கலாம். இறுக்கம் மிஞ்சினால் ஊசியால் குத்தித் தளர்த்தலாம். செலவு குறைந்த வழி இதுதான், இடம் இருந்தால் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். மேல் ஸ்தாயியில் ஃபெல்ட் எப்போதுமே மெல்லியது. அங்கே மரம் எட்டிப் பார்க்கும் நிலை வந்திருந்தால் தேய்ப்பதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அந்தப் பகுதியை மட்டும் மாற்றினால் பழசும் புதுசும் சேரும் இடத்தில் ஒலி மாறுவது காதில் படும். முழு செட்டாக மாற்றுவதே நல்லது.

மாற்றுவதென்றால், விலைப்பட்டியலில் ஹாமரின் பிராண்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். காம்பு நுழையும் துளையின் இடமும் கோணமும் உங்கள் பியானோவுக்கு அளந்து போடப்பட வேண்டும். எடை அதைவிட முக்கியம். ஹாமரில் ஒரு கிராம் கூடினால், கீயில் ஏறத்தாழ ஐந்து கிராம் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். தேய்ந்த ஹாமருக்குப் பழகிய விரலுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதனால் எடையை எப்படிச் சமன் செய்யப் போகிறார் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

காம்பின் அடியில் இருக்கும் தோல் உருளையும் இதற்குள் தட்டையாகியிருக்கலாம். அப்படியென்றால் காம்பையும் சேர்த்து மாற்றுவது லாபம். அப்புறம் ரெகுலேஷன் (பாகங்களின் அசைவைச் சரியான அளவுக்கு அமைப்பது), வாய்சிங் (ஃபெல்ட்டைத் தேய்த்தும் குத்தியும் ஒலியைச் சீராக்குவது) இரண்டும் மதிப்பீட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். புது ஃபெல்ட் சில மாதம் வாசித்த பிறகுதான் படியும். அப்போது மறுபடி வந்து வாய்சிங் செய்து தருவதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கம்பிகள். பேஸ் கம்பிகள் (கீழ் ஸ்தாயிக் கம்பிகள்) மந்தமாகிவிட்டிருந்தால் எந்த ஹாமராலும் அவற்றுக்கு உயிர் கொடுக்க முடியாது. கம்பிகளையும் மாற்றும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய கம்பி பதித்த தடமும் புதுக் கம்பியின் இடமும் ஒத்துப்போகாமல், புது ஹாமரையே தேய்க்க வேண்டிவரும்.