பிரபலங்களின் எய்ட்ஸ் மரணங்கள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

எய்ட்ஸை உண்டாக்கும் எச்ஐவி கிருமிக்குப் பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராகப் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். இந்த நோயின் வரலாற்றைத் தேடித் தேடிப் படிப்பவனும்கூட. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: எய்ட்ஸில் இறந்த பிரபலங்கள் என்றால் எல்லோரும் நடிகர் ராக் ஹட்சனில் இருந்துதான் தொடங்குகிறார்கள். அவருக்கு முன்னால் யாரும் சாகவில்லையா?

பதில்: ஆயிரக்கணக்கில் செத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிசில் 5 இளைஞர்களுக்கு வந்த அபூர்வ நிமோனியா (அது எய்ட்ஸ் என்று பின்னால்தான் தெரிந்தது) பற்றி அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எழுதியது 1981 ஜூன் 5-இல். அதற்கப்புறம் நாலு வருடம், அது தன்பாலீர்ப்பாளர்களுக்கும் ஊசியில் போதை ஏற்றுபவர்களுக்கும் வருவது, நமக்கென்ன என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைத்தார்கள். 1985 ஜூலை 25-இல், ஹாலிவுட்டின் காதல் நாயகன் ஹட்சனுக்கு எய்ட்ஸ் என்று பாரிசில் அவர் சார்பில் அறிவித்தார்கள். அக்டோபர் 2-இல் இறந்துவிட்டார், வயது 59. அவருடைய நண்பரான அதிபர் ரீகன்கூட செப்டம்பர் மாதம்தான், நிருபர்கள் கேட்ட பிறகு, இந்த நோயைப் பற்றிப் பொதுவில் பேசினார். பெயர் தெரியாத அத்தனை பேரின் சாவு அதுவரை போதவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கேள்வி: அந்தச் செய்தி பயத்தைத்தானே கிளப்பியது?

பதில்: பயமும் வந்தது, பணமும் வந்தது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஹட்சன் லிண்டா எவன்ஸை முத்தமிட்டிருந்தார், உடனே அந்த நடிகைக்கும் தொற்றியிருக்குமோ என்று பேச்சு கிளம்பியது. (எச்சிலால் எச்ஐவி பரவாது, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.) ஆனால் அதே 1985-இல், ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் 'ஆம்ஃபார்' அறக்கட்டளை, நடிகை எலிசபெத் டெய்லர் முன்னிற்க, தொடங்கியது, அதற்கு ஹட்சன் கொடுத்தது 2,50,000 டாலர்.

கேள்வி: 'குயின்' ராக் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி ஏன் கடைசி நாள்வரை மறைத்தார்? முன்பே சொல்லியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

பதில்: இப்படிக் கேட்பவர்கள் நிறைய. தனக்கு எய்ட்ஸ் என்று 1991 நவம்பர் 23-இல் அறிக்கை, மறுநாள் மரணம், வயது 45. நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு, பெற்ற தாயிடம்கூடச் சொல்ல முடியாமல் என் எதிரில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், மெர்குரியின் வீட்டு வாசலிலோ பத்திரிகைக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். சொல்லவைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷைப் பாருங்கள். இதய அறுவை சிகிச்சையில் ஏற்றிய இரத்தத்தால் தொற்று வந்தது, 1988-இல் அவருக்குத் தெரிந்தது, நெருங்கியவர்களோடு நிறுத்திக்கொண்டார். 1992 ஏப்ரலில் ஒரு பத்திரிகை விசாரிக்க ஆரம்பித்ததும், வேறு வழியில்லாமல் அவரே அறிவித்தார். 1993 பிப்ரவரியில் இறக்கும்வரை எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காகத்தான் ஓடினார். அவரால் பலர் கற்றுக்கொண்டார்கள், அதற்காக அவருடைய அந்தரங்கத்தைப் பறித்தது சரியாகிவிடாது.

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் எப்போது இறந்தார்?

பதில்: இறக்கவில்லை! தனக்கு எச்ஐவி இருப்பதாக 1991 நவம்பர் 7-இல் அறிவித்தவர், மருந்து எடுத்துக்கொண்டு வாழ்கிறார். மரணத்தை மட்டுமே பார்த்துப் பழகிய மக்களுக்கு அது வேறு விதமான பாடம்.

கேள்வி: ஆப்பிரிக்காவில் யாரும் முன்வரவில்லையா?

பதில்: உகாண்டா பாடகர் ஃபிலி லூட்டாயா. எனக்கு இவர்தான் எல்லோருக்கும் மேல். 1989-இல் தானாகவே அறிவித்தார், உடம்பு உருகிக்கொண்டிருந்த நிலையிலும் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய் மாணவர்கள் முன்னால் நின்று பேசினார், அந்த டிசம்பரிலேயே இறந்தார். எய்ட்ஸ் வந்த முகம் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகள் நேரில் கண்டார்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் அப்படி யார்?

பதில்: இந்தியாவின் முதல் தொற்றுகளை 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டுபிடித்ததே சென்னையில்தான். ஆனால் ஹட்சன் மாதிரி பெரிய நட்சத்திரம் யாரும் இங்கே வெளியே சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ, விழிப்புணர்வு விளம்பரத்துக்கு இல்லாத ஒரு ஆளை உருவாக்க வேண்டியிருந்தது: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' சுவருக்குச் சுவர் அதே கேள்வி, டீக்கடையில் எல்லாம் அதே பேச்சு.

கேள்வி: எனக்கே சந்தேகமாக இருக்கிறது. எங்கே போவது?

பதில்: அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், முடிவை வேறு யாரிடமும் சொல்ல மாட்டார்கள். முதலில் யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றினால் 1097-க்குக் கூப்பிடுங்கள், அதுவும் இலவசம்தான்.