நான்கு ஊசி போட்டும் சினை நிற்காத மாடு

கேள்வி: எங்கள் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பின மாடு தை மாதம் இரண்டாவது கன்று ஈன்றது. பங்குனி முதல் வைகாசி வரை 21 நாளுக்கு ஒருமுறை நான்கு சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் நிற்கவில்லை. பரம்பரைக் குறை, தாயையும் மூத்த கிடாரியையும் விற்றுவிடு என்கிறார் தரகர். ஈரத் திப்பி (மரவள்ளிக் கிழங்குச் சக்கை), சோளத்தட்டை, கொஞ்சம் பச்சைப்புல் கொடுக்கிறேன். தகரக் கொட்டகை. விற்றுவிடலாமா?
— ஒரு விவசாயி, ஆத்தூர் வட்டம்

பதில்: விற்காதீர்கள். இரண்டு ஈற்று கண்ட மாடு பிறவி மலடு அல்ல. சினை பிடிப்பதில் பரம்பரையின் பங்கு 10 சதவீதத்துக்கும் குறைவுதான். தாய்க்கு நிற்காததைக் காட்டிக் கிடாரியையும் விலை பேசுகிறவர் தன் லாபத்தைத்தான் பார்க்கிறார்.

இனத் தேர்வு வேறு விஷயம். சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு எச்.எஃப். என்று நம் மாநிலத்தில் பிரித்து வைத்ததே வெயிலை எண்ணித்தான். ஏற்காட்டில் சுகமாக இருக்கும் மாடு ஆத்தூர் சித்திரையில் மூச்சிரைக்கும். அடுத்த முறை ஜெர்சி ஊசி கேளுங்கள். உங்கள் நான்கு ஊசியும் கோடையில் போட்டவை. முதல் சில நாட்களில் கரு தாயின் உடற்சூட்டைத் தாங்காது. அது அழிவது வெளியே தெரியாது. 21ஆம் நாள் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேயுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது திப்பியைப் பற்றி. சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் திப்பி மலிவு என்பதால் நம் பகுதியில் அதையே முழுத் தீவனமாக்கிவிட்டோம். பல வருடங்களாகச் சொல்கிறேன்: திப்பி வயிற்றை நிரப்பும், கருப்பையைக் கவனிக்காது. அதில் இருப்பது மாவுச்சத்து. புரதமும் பாஸ்பரஸும் மிகக் குறைவு. பாஸ்பரஸ் குறைந்தால் பருவமே மங்கும். ஈரத் திப்பி இரண்டு மூன்று நாளில் புளித்துப் பூசணமும் பிடிக்கும். பாதியைப் படிப்படியாகக் குறைத்து, அந்த இடத்தில் கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கொடுங்கள். தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை, ஒரு நாளும் தவறக் கூடாது. வேலிமசால் என்ற பசுந்தீவனம் நான்கு பாத்தி போடுங்கள். மருந்துக்கடையில் நீட்டும் 'சினை டானிக்' பாட்டிலை வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்குப் பிண்ணாக்கு வாங்கலாம்.

காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில். ஆனால் ஐந்தாவது ஊசிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் கருப்பையைப் பரிசோதித்துவிடுங்கள். பருவத்தில் வடியும் வழும்பு கண்ணாடிபோல் இல்லாமல் கலங்கி வந்தால் அதை அவரிடம் சொல்லுங்கள்; கருப்பையில் புண் இருந்தால் ஊசி வீண்.