கிராங்க்: கைப்பிடியே இல்லாத இன்ஜினில் எதைச் சுழற்றுவது?

கேள்வி: புதிதாக வாங்கிய ஜெனரேட்டரின் கையேட்டில் 'இன்ஜினைப் பத்து விநாடிக்கு மேல் கிராங்க் செய்யாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அகராதியில் கிராங்க் என்றால் 'கைப்பிடியைச் சுழற்று' என்று போட்டிருக்கிறது. என் ஜெனரேட்டரில் கைப்பிடியே கிடையாது, சாவிதான். எதைச் சுழற்றக் கூடாது என்கிறார்கள்?

பதில்: சாவியை ஸ்டார்ட் நிலையில் பத்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள் என்கிறார்கள். அவ்வளவுதான். அதற்குள் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால் சாவியை விட்டுவிட்டு, கையேடு சொல்லும் நேரம் பொறுத்து மறுபடி முயலுங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கெடும், பேட்டரியும் இறங்கிவிடும்.

உங்கள் அகராதி சொன்னது தப்பில்லை, பழசு. ஒரு காலத்தில் கார் இன்ஜினை எழுப்ப, முன்பக்கம் ஒரு வளைந்த இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். சில சமயம் இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும், கம்பி திரும்பி வந்து மணிக்கட்டை உடைத்துவிடும். அதனால் பழகியவர்கள் பெருவிரலைக் கம்பிக்கு மறுபுறம் கொடுக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிப்பார்கள். உதைத்தால் கை நழுவி வந்துவிடும் அல்லவா! சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு காடிலாக் காரில் வந்த பிறகு அந்தக் கம்பி மெல்ல மறைந்தது. வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது, பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

மெக்கானிக்கிடம் பேசும்போது இந்தச் சொல் உங்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும். 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பாதிதான் தெரியும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும் சத்தம் கேட்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் 'கிராங்க் ஆகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை' என்று சொல்லுங்கள். அவர் எரிபொருள் வருகிறதா, பெட்ரோல் இன்ஜினாக இருந்தால் பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்பார். சத்தமே இல்லை, அல்லது 'டிக்' என்று மட்டும் கேட்கிறது என்றால் 'கிராங்கே ஆகவில்லை'. அப்போது பார்க்க வேண்டியது பேட்டரி, டெர்மினல், ஸ்டார்ட்டர்.

பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் சி.சி.ஏ. (கோல்டு கிராங்கிங் ஆம்ப்ஸ்) என்ற எண்ணிலும் நடு எழுத்து இந்தக் கிராங்க்தான். 12 வோல்ட் பேட்டரி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 விநாடி எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதை அந்த எண் சொல்கிறது.

இனி சொல்லுக்கு வருவோம். திருப்புவதெல்லாம் கிராங்க் ஆகாது. கதவுக் குமிழைத் திருப்பிப் பாருங்கள்: மணிக்கட்டு முறுக்குகிறது, கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது டர்ன். மேஜையில் பொருத்திய பென்சில் சீவியின் பிடியைச் சுற்றிப் பாருங்கள்: கை முழுசாக ஒரு வட்டம் போய் வருகிறது. இதுதான் கிராங்க். வித்தியாசம் அந்த வளைவில் இருக்கிறது. அச்சிலிருந்து விலகி மடங்கிய ஒரு கரம் வேண்டும். சைக்கிளில் பெடலையும் நடு அச்சையும் இணைக்கும் கரத்துக்குப் பெயர் கிராங்க். இன்ஜினுக்குள்ளே பிஸ்டனின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு கிராங்க் ஷாஃப்ட். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதற்கு மட்டும் ஆங்கிலத்தில் வைண்ட் என்பார்கள், அங்கே கிராங்க் வராது.

சொல்லின் பழைய வேரிலும் வளைவு, மடிப்பு என்ற பொருள்தான். தமிழில் இதற்கு வணரி என்று கலைச்சொல் செய்தவர்களை நான் மனமாரப் பாராட்டுவேன். வணர் என்றாலும் வளைவுதான். சங்கப் பாட்டில் யாழின் வளைந்த தண்டு 'வணர்கோடு'. இரண்டு மொழியும் ஒரே பொருளைப் பார்த்து ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கின்றன.

பேச்சில் வரும் மற்றவை சுலபம். கிராங்க் அப் என்றால் கூட்டுவது: பாட்டுச் சத்தம், ஹீட்டர், வேலை வேகம் எதுவானாலும் சரி. கிராங்க் அவுட் என்றால் எந்திரம் போல வரிசையாகச் செய்து தள்ளுவது. இதில் தரம் போதாது என்ற குறிப்பு பல நேரம் ஒட்டியிருக்கும், அதனால் ஒருவர் எழுத்தைப் பாராட்டும்போது இதைப் போடாதீர்கள். ஆளைக் கிராங்க் என்றால் விசித்திரமான கொள்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர், நம் கோணல் புத்திக்கு அருகில் வரும். அமெரிக்கப் பேச்சில் எரிந்து விழுபவரையும் அப்படிச் சொல்வார்கள். தூக்கம் கெட்டுச் சிணுங்கும் குழந்தை கிராங்கி.

அப்புறம், உங்கள் கையேட்டைத் தமிழில் எழுதி ஜெனரேட்டர் பக்கத்தில் ஒட்டி வைப்பதாக இருந்தால் 'சுழற்று' வேண்டாம். 'சாவியைப் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டில் பிடிக்காதீர்கள்' என்று எழுதுங்கள்.