நண்பனின் அப்பா தவறிவிட்டார், என்ன எழுதுவது?

கேள்வி: என் நெருங்கிய நண்பனின் அப்பா இறந்து மூன்று வாரம் ஆகிறது. வெளியூரில் இருப்பதால் போக முடியவில்லை. போன் செய்தேன், எனக்குப் பேச்சு வரவில்லை, அவனும் ‘சரிடா, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிட்டான். கடிதம் எழுத உட்கார்ந்தால் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்பதைத் தாண்டி நகரவில்லை. பள்ளி நாட்களில் அவன் வீட்டில்தான் ராத்திரி படிப்போம். அப்பா பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து, டேபிள் ஃபேனை எங்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட மனிதர். இவ்வளவு நாள் கழித்து எழுதினால் தப்பாக நினைப்பானா?

பதில்: எழுத வரவில்லை என்கிறீர்கள், ஆனால் எழுதிவிட்டீர்களே! எனக்கு எழுதிய அந்த ஃபேன் விஷயத்தை அப்படியே அவனுக்கு எழுதுங்கள். அப்பா நல்லவர் என்பது அவனுக்கே தெரியும். அந்த ஃபேனை நீங்கள் கவனித்தீர்கள், இத்தனை வருஷம் மறக்கவில்லை என்பது தெரியாது. யார் கண்டது, அந்த நேரத்தில் அவன் தூங்கிக்கூடப் போயிருக்கலாம்.

மூன்று வாரமெல்லாம் ஒரு தாமதமே இல்லை. முதலில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். அப்புறம் இறப்புச் சான்றிதழ், பேங்க் என்று அலைச்சல். எல்லாரும் கிளம்பிப் போன பிறகுதான் வீட்டில் ஆள் குறைந்தது உறைக்கும். உங்கள் கடிதம் அப்போது போய்ச் சேரட்டும்.

‘தங்கள் தந்தையாரின் மறைவுச் செய்தி’ என்று ஆரம்பித்தால் இரங்கல் தீர்மானம் மாதிரி ஆகிவிடும். ‘டா’ போட்டுத்தானே பேசுவீர்கள்? அப்படியே எழுதுங்கள். ‘வயசாயிடுச்சு, கஷ்டப்படாமல் போய்ச் சேர்ந்தார்’ என்பதை அவன் சொல்லலாம், நீங்கள் சொல்லக்கூடாது. ‘இனி நீதான் அம்மாவுக்குத் தைரியம் சொல்லணும்’ என்பதும் வேண்டாம். நல்ல மனதோடு சொல்வதுதான், ஆனால் அவன் அழக்கூடாது என்று ஆகிவிடுகிறது. எப்படி நடந்தது என்றும் கேட்காதீர்கள். அதை இதற்குள் எத்தனை பேருக்குச் சொல்லிச் சலித்திருப்பானோ.

‘எது வேணும்னாலும் கேளு’ என்றால் யாரும் கேட்பதில்லை. இன்ஷூரன்ஸ், பென்ஷன் மாதிரி காகித வேலை உங்களுக்குப் பழக்கம் என்றால், ‘ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன், அந்த ஃபாரத்தை ரெண்டு பேரும் சேர்ந்து பூர்த்தி பண்ணிடலாம்’ என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் கட்டாயம் கூப்பிடவும் வேண்டும்.

அரைப் பக்கம் போதும். கையெழுத்து எப்படி இருந்தாலும் காகிதத்திலேயே எழுதித் தபாலில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே ஏதாவது பதில் போட்டாக வேண்டும் என்று இருக்கும். ‘இதற்குப் பதில் எழுத வேண்டாம்’ என்றும் கடைசியில் ஒரு வரி சேருங்கள். அவன் எழுதாமலே இருக்கலாம். அடுத்த தடவை பேசும்போது, கடிதம் வந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.