பழைய மின்சாரக் காரின் பேட்டரி தினசரி ஓசூர்ப் பயணத்தைத் தாங்குமா?

வணக்கம். 60,000 கி.மீ. ஓடிய, 30 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட காரை வாங்கி, கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் ஓசூர் சென்று திரும்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் அதே அளவு பேட்டரியுள்ள காரில் அதே சாலையில்தான் செல்கிறேன். ஓசூர் நம் ஊரைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சூளகிரிப் பக்கம் ஏறும்போது சார்ஜ் கண்ணெதிரே குறையும். போகும்போது 30 விழுக்காடு செலவானால், இறக்கத்தில் மோட்டாரே மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதால், வரும்போது 20 விழுக்காடே செலவாகிறது. ஆகவே தூரம் சிக்கலே அல்ல. வீட்டில் 15 ஆம்பியர் இணைப்பு இருந்தால் இரவுக்குள் நிரம்பிவிடும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது உத்தரவாதத்தைப் பற்றித்தான். பேட்டரிக்குப் பொதுவாக 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., இவற்றில் எது முந்துகிறதோ அதுவரைதான் உத்தரவாதம் என்பதால், தினம் 100 கி.மீ. ஓட்டும் உங்களுக்கு மீதமுள்ள ஒரு லட்சம் கி.மீ. மூன்றரை ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். அது இரண்டாம் உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேட்டரியின் தற்போதைய கொள்ளளவைச் சேவை மையத்தில் சோதித்து அறிக்கை பெறாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். முழு சார்ஜுடன் ஒருமுறை ஓசூர் சென்று திரும்பியும் பாருங்கள்.

வாங்கிய பின், சித்திரை வெயிலில் நின்று கொதித்த வண்டியை உடனே அதிவேக சார்ஜரில் மாட்டாதீர்கள். பேட்டரியை வெப்பம்தான் விரைவில் முதுமையாக்குகிறது.