விடிந்ததும் மஞ்சள் நுரை: கருப்பனின் வயிற்றில் என்ன கோளாறு?

கேள்வி: பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் குடியிருக்கிறோம். கருப்பன் என்று ஒரு ஆண் நாய் வளர்க்கிறோம். நாட்டு நாய்க்கும் லேப்ரடாருக்கும் பிறந்த கலப்பு. வயது ஐந்து, எடை 22 கிலோ. மூன்று வாரமாக, வாரத்தில் நான்கைந்து நாள், விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில் வாசலில் மஞ்சளாக நுரை கக்குகிறான். சாப்பிட்டது எதுவும் அதில் வருவதில்லை. பத்தே நிமிடத்தில் வாலை ஆட்டிக்கொண்டு என்னோடு மாட்டுக் கொட்டகைக்கு வந்துவிடுகிறான். மாலை ஆறு மணிக்கு ராகிக் களியும் கறிச்சாறும் வைப்போம். அடுத்த சாப்பாடு மறுநாள் மாலைதான். பூச்சி மருந்து ஒரு முறை கொடுத்தாயிற்று. பித்தம் ஏறிவிட்டது, வேப்பிலையை அரைத்து ஊற்று என்கிறார்கள் ஊரில். போர்வெல் தண்ணீரில் இருக்கும் புளோரைடுதான் காரணம் என்கிறான் என் மகன். களியை நிறுத்திவிட்டுப் பாக்கெட் தீவனத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட இடங்கள் இரண்டு. மாலை ஆறு மணி ஒன்று, காலை ஐந்தரை மணி இன்னொன்று. இடையில் பதினொன்றரை மணி நேரம். ஆறு மணிக்குத் தின்ற களி இரைப்பையை விட்டு எப்போதோ இறங்கிவிட்டது. பின்னிரவு முழுவதும் அவன் வயிறு காலி.

வயிறு காலியாக இருந்தாலும் உடம்பு சும்மா இருப்பதில்லை. கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அது பித்தப்பையில் தங்கி, இரைப்பைக்கு அடுத்துள்ள முன்சிறுகுடலில் வந்து விழும். கொழுப்பைக் கரைப்பது அதன் வேலை. குடலில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. சில நாய்களுக்கு, வயிறு நெடுநேரம் வெறுமையாகக் கிடக்கும்போது, இந்தப் பித்தநீர் பின்வாங்கி இரைப்பைக்குள் ஏறிவிடுகிறது. இரைப்பையின் உள்தோல் அமிலத்தைத் தாங்கும். பித்தநீர் பட்டால் எரியும். விடியற்காலையில் நாய் எழுந்து, உதட்டை நக்கி, எச்சிலை விழுங்கி, நாலு புல்லைக் கடித்து, வயிற்றை இரண்டு தரம் எக்கி அந்த மஞ்சள் நுரையை வெளியே தள்ளுகிறது. தள்ளியதும் எரிச்சல் தீர்ந்துவிடுகிறது. கருப்பன் உடனே வாலாட்டுவதன் ரகசியம் இதுதான்.

ஆகவே பித்தம் என்று சொன்ன உங்கள் ஊர்க்காரர் பொருளைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், மருந்தில்தான் தவறினார். ஏற்கெனவே புண்பட்ட வெறும் வயிற்றில் வேப்பிலைச் சாறு போனால் குமட்டல் கூடும். அதை விடுங்கள்.

இதைக் கண்டுபிடிப்பது எனக்கும் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில் ஒரு பெட்டை நாய் இருந்தது. திடீரென்று ஒரு மாதம் தினமும் காலையில் மஞ்சளாகக் கக்கியது. மலத்தைச் சோதித்தேன், ரத்தம் எடுத்தேன், பூச்சி மருந்து கொடுத்தேன். எல்லாமே சரியாக இருந்தது, வாந்தி மட்டும் நின்றபாடில்லை. என் மனைவிதான் கேட்டாள்: “பையன் பகல் ஷிப்டுக்கு மாறின பிறகுதானே இது ஆரம்பித்தது?” மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டு பார்த்துவந்தான். நள்ளிரவு வீடு திரும்பி, தட்டில் இருக்கும் சப்பாத்தியில் ஒன்றரையைப் பிய்த்து நாய்க்குப் போடுவது அவன் வழக்கம். ஷிப்டு மாறியதும் அந்தச் சப்பாத்தி நின்றது; வாந்தி தொடங்கியது. அன்றிரவு பத்தரை மணிக்கு நானே ஒரு சப்பாத்தி போட்டேன். மூன்றாம் நாள் வாசல் சுத்தமாக இருந்தது. முப்பது வருடம் கால்நடை மருத்துவம் பார்த்தவனுக்கு இது கொஞ்சம் அடிதான்.

கருப்பனுக்குச் செய்யவேண்டியதும் அதுவே. மொத்தச் சாப்பாட்டின் அளவைக் கூட்டவேண்டாம், மூன்றாகப் பிரியுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு பங்கு, மாலை ஆறு மணிக்கு ஒரு பங்கு, நீங்கள் படுக்கப்போகும் முன் பத்து, பத்தரைக்கு மிச்சம். இரவுப் பங்கு சிறியதாக இருந்தால் போதும்: ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு களி உருண்டை, அல்லது ஒரு கைப்பிடி சோற்றில் இரண்டு கரண்டி தயிர், உப்பில்லாமல். சூடான களியை அப்படியே வைக்காதீர்கள். ஆசையில் விழுங்கி வாயைச் சுட்டுக்கொள்ளும், களிக்குள் சூடு நெடுநேரம் தங்கும். இன்னொன்று, பால் கறக்க ஐந்து மணிக்கு எழுந்திருப்பீர்கள் அல்லவா? எழுந்த கையோடு ஒரு சின்னத் துண்டு களியோ ரஸ்க்கோ கொடுத்துவிடுங்கள். ஐந்தரை மணிக்கு முன்னால் வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. கக்கிவிட்ட நாளில் மட்டும் உடனே சாப்பாடு வைக்காமல், அரை மணி நேரம் கழித்துச் சிறிது தண்ணீர், அது தங்கினால் பிறகு உணவு.

பிரித்துக் கொடுக்கிறேன் என்று தொடங்கி, பழைய அளவை ஆறு மணிக்கு வைத்துவிட்டு இரவிலும் காலையிலும் கூடுதலாகப் போடுவார்கள். ஆறு மாதத்தில் நாய் பீப்பாய் போல ஆகிவிடும். மொத்தக் களியையும் ஒரே நேரத்தில் கிண்டி மூன்று பாத்திரத்தில் எடுத்துவையுங்கள், ஏமாற வழியிருக்காது.

களியை நிறுத்தவேண்டியதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் ராகி தின்று வளர்ந்த நாய்களின் தலைமுறைகள் எத்தனையோ. களி மட்டும் போதாது என்பது வேறு விஷயம். அதில் புரதம் குறைவு, தினம் ஒரு வேகவைத்த முட்டை அல்லது கொஞ்சம் எலும்பில்லாத கோழிக்கறி சேருங்கள். எனக்கு உறுத்துவது கறிச்சாறுதான். நாய்க்குப் போகும் சாற்றை வெங்காயம், பூண்டு, மிளகாய் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவையுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியின் கொழுப்பை மொத்தமாகப் போடுவது கணையத்தைப் புண்ணாக்கும். அதனால் வரும் வாந்தி காலை ஐந்தரையோடு நிற்காது.

புளோரைடு பற்றி: மகனின் சந்தேகம் நியாயமானதுதான். தர்மபுரி மாவட்டத்துப் பல் கறையும் எலும்பு வளைவும் நாடறிந்த கதை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனால் தண்ணீரில் கலந்திருக்கும் புளோரைடு பல்லையும் எலும்பையும் ஆண்டுக்கணக்கில் அரிக்குமே தவிர, மணி பார்த்துக் காலையில் மட்டும் வாந்தி எடுக்கவைக்காது. இருந்தாலும் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அவனுக்கும் வையுங்கள்.

பூச்சி மருந்து கொடுத்தது சரி. மறுபடி மறுபடி கொடுக்காதீர்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

இனி நான் பயப்படும் பகுதி. கருப்பன் கடிதத்தில் நன்றாக இருக்கிறான். ஆனால் இதைப் படித்துவிட்டு “மஞ்சள் வாந்திதானே, ராத்திரி ஒரு உருண்டை போட்டால் சரியாகிவிடும்” என்று இன்னொருவர் சும்மா இருந்துவிடக்கூடாது. மஞ்சள் நிறம் என்பது வயிறு காலி என்பதற்கு மட்டுமே அடையாளம். குடல் அடைத்த நாயும், சிறுநீரகம் கெட்ட நாயும், வயிற்றில் ஒன்றுமில்லாதபோது மஞ்சளாகத்தான் கக்கும். வேறுபாடு நிறத்தில் இல்லை, நாயின் முகத்தில் இருக்கிறது. கக்கிய பிறகு பழையபடி ஓடியாடித் தின்கிறதா, மூலையில் போய்ச் சுருள்கிறதா என்று பாருங்கள். பகலிலும் கக்கினால், ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூட மறுத்தால், வயிற்றுப்போக்கும் சேர்ந்தால், வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற கருப்போ தெரிந்தால், அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

மாம்பழப் பருவத்தில் என்னிடம் வரும் நாய்களின் கதை தனி. கிருஷ்ணகிரியில் மாங்கொட்டைக்கா பஞ்சம்! நாய் இனிப்புக்காகக் கொட்டையை நக்கும், கொஞ்ச நேரத்தில் முழுங்கிவிடும். அது இரைப்பையைத் தாண்டிக் குடலில் போய் மாட்டிக்கொள்ளும். குடித்த தண்ணீரைக்கூட வாந்தியாக எடுக்கும், மலம் வராது, வயிற்றைத் தொட்டால் முனகும். இதற்கு மருந்து இல்லை, அறுவைச் சிகிச்சைதான். கோழி எலும்பும் சோளக் கதிரும் இதே வேலையைச் செய்யும்.

உங்கள் பக்கத்தில் தக்காளித் தோட்டங்கள் அதிகம். மருந்தடித்த வயலில் புல்லைக் கடித்துவிட்டோ, பூச்சிக்கொல்லிக் காலிப் புட்டியை நக்கிவிட்டோ வந்த நாய் எச்சிலை ஒழுகவிடும், உடல் நடுங்கும், கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கும். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்கவைக்க முயலாமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். பெரிய மார்புள்ள நாய் ஓங்கரித்து ஓங்கரித்து ஒன்றும் வராமல், வயிறு மத்தளமாக உப்பினால் அங்கேயும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க முடியாது, இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கும்.

தடுப்பூசி போடாத குட்டி வாந்தி எடுத்து, நாற்றத்தோடு ரத்தமாகக் கழிந்தால் பார்வோ வைரஸ் நோய் என்று வைத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். கருத்தடை செய்யாத பெட்டை, சூட்டுக்கு வந்து ஓரிரு மாதத்தில் தண்ணீர் நிறையக் குடித்துக் கக்கினால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வயதான நாய் காலையில் கக்குவதோடு அடிக்கடி சிறுநீரும் கழித்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கவேண்டும். உண்ணி மொய்த்த நாய்க்கு ஈறு வெளிறினால் உண்ணிக் காய்ச்சல் நினைவுக்கு வரவேண்டும். ஈறு மஞ்சளானால் கல்லீரல், எலிக்காய்ச்சல் இரண்டும். எலிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும், கையுறை இல்லாமல் சுத்தம் செய்யாதீர்கள். எச்சில் ஒழுகி, குரல் மாறி, விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் வாயில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி ஒருபோதும் உள்ளே கையை நுழைக்காதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். வெள்ளை நுரை கக்குகிறது என்று கொண்டுவரும் நாய்களில் சில வாந்தியே எடுப்பதில்லை. இருமி இருமிக் கடைசியில் கோழையைத் துப்புகின்றன. வாந்தி என்றால் விலாவும் வயிறும் உள்ளே எக்கும். சந்தேகம் இருந்தால் கைபேசியில் அரை நிமிடம் படம் பிடித்துவாருங்கள். ஐந்து நிமிட விளக்கத்தை விட எனக்கு அது மேல்.

அமிலம் குறைக்கும் மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், பலரும் கேட்பார்கள். பாமோடிடின், ஒமேப்ரசோல் இரண்டையும் நாங்களும் நாய்க்கு எழுதுகிறோம், எடை பார்த்து, தேவைப்படும்போது. உங்கள் வீட்டு மருந்து டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். டைக்ளோபினாக், இபுபுரூபன், பாராசிட்டமால் என்ற வலி மாத்திரைகள் மூன்றும் அந்த டப்பாவிலேயே இருக்கும் என்பது என் கவலை. கால் நொண்டுகிறது என்று இவற்றில் ஒன்றை இந்த மாதம் கருப்பனுக்குக் கொடுத்திருந்தால் அதை எனக்கு மறைக்காமல் எழுதுங்கள். அப்போது கதையே வேறு, வயிற்றுப் புண்ணிலிருந்தோ கல்லீரலிலிருந்தோ தொடங்கவேண்டியிருக்கும்.

ஒரு பழைய நோட்டில் பத்து நாள் குறித்துவாருங்கள்: கடைசியாகச் சாப்பிட்ட நேரம், கக்கிய நேரம், நிறம், அன்று தின்றது. இரவு உருண்டையால் நின்றுவிட்டால் அதுவே நோயின் பெயரைச் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உருண்டையைத் தொடருங்கள், கல்யாண வீட்டுக்குப் போகும் இரவிலும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். பத்து நாளிலும் குறையாவிட்டாலோ எடை இறங்கினாலோ, அந்த நோட்டையும் ஒரு டப்பாவில் புதிய மலம் கொஞ்சமும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு வாருங்கள். ஸ்கேன் வரை போகவேண்டியிருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். அன்று காலை மட்டும் துண்டு களி கிடையாது, வண்டியில் ஒரு பழைய சாக்கை விரித்துப்போட்டு வாருங்கள்.